விலையை ருசிப்பது எப்படி?

புதிதாக ஒயின் வாங்க வருபவர்கள் நாக்கை நம்பிக் கெட்டுப்போகிறார்கள். நாக்குக்கு என்ன தெரியும், பாவம்? விலைச்சீட்டைப் பாருங்கள், ருசி அங்கேதான் இருக்கிறது. மலிவான பாட்டில் ஒன்று பிடித்துப்போய்விட்டால் வெளியே மூச்சு விடாதீர்கள், மானம் போய்விடும். கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு “ஈர மண், பழைய தோல்” என்று முனகுங்கள். பழைய தோல் மணத்தால் பாட்டிலின் மதிப்பு ஏறும். (நம் வீட்டு வாசலில் செருப்பு விடும் இடத்தில் அது இலவசம்.)

எதற்கும் படித்தவர்களைக் கேட்டுக்கொள்வது உத்தமம். 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரான்சின் போர்தோவில் ஒயினையே பாடமாகப் படித்த 54 மாணவர்கள் ஒயினை முகர்ந்து பார்த்தார்கள். ஒரு கோப்பையில் சிவப்பாக இருந்ததைச் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் அழகாக வர்ணித்தார்கள். உள்ளே இருந்தது வெள்ளை ஒயின். மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்திருந்தது.