ஆடும் ஸ்டூல்: நாற்கால் நடுக்கம் குறித்த ஓர் ஆய்வு

பொழுதுபோக்காகத் தச்சு வேலை பழகுகிறவர் முதலில் செய்வது ஸ்டூல். அந்த ஸ்டூல் முதலில் செய்வது ஆட்டம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம், பசை காய்வதற்கு ஆகும் காலமே. பால்கனி தோறும் நிகழ்ந்துவரும் இம்மாபெரும் நிகழ்வைத் தமிழறிஞர்கள் கண்டுகொள்ளாமல் விட்டது ஏன் என்று தெரியவில்லை. ஆடாத நாற்காலியில் அமர்ந்து எழுதியது காரணமாக இருக்கலாம்.

ஆட்டம் என்றது யாதோ எனின், மூன்று கால் தரையில் நிற்க, நான்காவது கால் அந்தரத்தில் நின்று, உட்கார்ந்தவர் அசையுந்தோறும் 'டொக்' என்று தரையைத் தட்டுவது. 'டொக்' இல்லாத அசைவு ஆட்டமன்று. அது மூட்டுத் தளர்ச்சி. அதற்கு வைத்தியம் வேறு, இங்கே அது பேசப்படாது.

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அஃதேல், மூன்று காலோடு நிறுத்திக்கொண்டால் என்ன எனின், நிறுத்தலாம். ஆனால் ஏறி டியூப்லைட் மாட்டக் கூடாது. ஒரே அளவுள்ள வட்டத்தின் விளிம்பில் கால்களைச் சம இடைவெளியில் வைத்தால், நடுவிலிருந்து கவிழும் கோடு வரை உள்ள தூரம் மூன்று காலுக்கு ஆரத்தில் பாதிதான். நான்கு காலுக்கு அது சுமார் 0.7 பங்கு, ஐந்துக்கு 0.8. ஆபீஸில் சுழலும் நாற்காலிக்கு ஐந்து கால் இருப்பது இதனால்தான். மூன்று கால் ஆடாது, ஆனால் கவிழ்க்கும். நான்கு கால் அவ்வளவு எளிதில் கவிழ்க்காது, ஆனால் ஆடும். மனித குலம் யோசித்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தது.

ஆட்டத்தின் காரணம் பற்றி மூன்று தரப்பினர் உளர். முதலாமவர் பருவவாதிகள். "ஐப்பசி மழைக்குக் கால் ஊதிடுச்சுங்க" என்பது இவர்கள் கட்சி. இது பொருந்தாது. மரம் ஈரம் குடித்தால் அகலத்தில் பருக்கும். நார் ஓடும் நீளவாக்கில் அசைந்துகொடுக்காது. பச்சை மரம் முற்றும் உலர்ந்தாலும் நீளத்தில் குறைவது பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. 18 அங்குலக் காலில் அது ஒரு மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. ஓர் அடைமழைக்கு இதில் என்ன பங்கு இருந்துவிட முடியும்? மழை பலகையை முறுக்கலாம், சட்டத்தைக் கோணலாக்கலாம். காலை நீட்டாது.

இரண்டாமவர் தரைவாதிகள். ஸ்டூலைச் செய்தவர் எப்போதும் இந்தக் கட்சிதான். இவர்களை எள்ளி ஒதுக்க இயலாது. கணிதம் இவர்கள் பக்கம் பாதி சாய்கிறது. கால்கள் சம நீளமாகவும், சதுரத்தின் மூலைகளில் அமைந்தும் இருந்தால், மேடு பள்ளமான தரையிலும் ஸ்டூலை நின்ற இடத்திலேயே திருப்பிக்கொண்டு போகக் கால் வட்டத்துக்குள் நான்கும் ஊன்றும் நிலை ஒன்று வாய்க்கும். தரையில் படிபோல் திடீர் முறிவு இருக்கக் கூடாது, சரிவு எங்கும் அளவு மீறக் கூடாது, அவ்வளவே நிபந்தனை. 2005இல் இதை நிறுவியவர் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் அணுத்துகள்களை ஆராய்ந்த ஆந்த்ரே மார்த்தான். நம் வீட்டில் இதைச் செய்தால் "சும்மா உட்காருங்களேன்" என்பார்கள்.

மொட்டை மாடியின் நீர்வாட்டத்தையும் சிலர் குற்றம் சொல்கிறார்கள். வாட்டம் சீராக இருந்தால் ஸ்டூல் சாயும், ஆடாது.

மூன்றாமவர் கால்வாதிகள். ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். இரு தரப்பு வழக்கைத் தீர்க்கச் சமையலறை கிரானைட் மேடை போதும். ஸ்டூலை அதன் மேல் ஏற்றி நிறுத்துக. எப்படித் திருப்பினாலும் அதே காலில் அதே 'டொக்' கேட்டால் தரை நிரபராதி. அடுப்படிக்காரரின் அனுமதியை முதலில் பெறுவது ஆய்வு நெறி.

குற்றவாளி கால் என்று தெரிந்ததும் ரம்பத்தை எடுக்கத் தோன்றும். பேரழிவு தொடங்குவது இங்கேதான். எனவே ஒரு நூற்பா செய்யலாயிற்று:

ஊன்றிய காலே உயர்ந்தகால் ஆகும்;
தொங்கிய காலைத் தொடற்க ரம்பம்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், எந்தக் காலை அறுப்பது என்று உணர்த்துதல் நுதலிற்று. வாஸ்து முறைப்படி கால்களுக்குப் பெயரிடுவோம். அக்னி மூலைக் கால் 2 மில்லிமீட்டர் குட்டை என்க. ஸ்டூல் ஈசானியத்தையும் கன்னியையும் அச்சாகக் கொண்டு ஆடும். அக்னியும் அதற்கு எதிரே உள்ள வாயுவும் மாறி மாறி அந்தரத்தில் தொங்கும். புதுத் தச்சர் என்ன நினைப்பார்? அக்னி அமர்ந்தால் வாயு எழுகிறது, ஆகவே வாயுவை நறுக்குவோம் என்பார். அதே அளவு நறுக்கினால் ஆட்டம் 2இலிருந்து 4 மில்லிமீட்டராகும். அறுக்க வேண்டியது, எப்போதும் தரையை விடாமல் நல்ல பிள்ளையாக நிற்கும் ஈசானியத்தையோ கன்னியையோ. ஒன்றில் 2 மில்லிமீட்டர், அல்லது இரண்டிலும் ஒவ்வொன்று. இது தெரியாமல் மாற்றி மாற்றி அறுத்ததால், 18 அங்குலத்தில் பிறந்த ஸ்டூல்கள் அரிவாள்மணைக்குப் பக்கத்தில் போடும் மணையாக முடிந்திருக்கின்றன.

எவ்வளவு அறுப்பது என்பதற்குக் கருவி ஒன்று உண்டு. அதை உலகம் இதுவரை மருந்தாக மட்டுமே பார்த்துவந்தது. மடித்த காகிதத்தைச் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடை 80 ஜிஎஸ்எம் தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம். ஒரு மடிப்புக்கு 0.2, இரண்டுக்கு 0.4, மூன்றுக்கு 0.8, நான்குக்கு 1.6. தொங்கும் காலுக்கு அடியில் செருகி, எத்தனை மடிப்பில் 'டொக்' நிற்கிறதோ அதுவே அறுக்க வேண்டிய அளவு. கல்யாணப் பத்திரிகை இதற்கு உதவாது. அட்டையின் கனம் மணமக்கள் வீட்டு வசதிக்கேற்ப மாறும். மருந்தாகவே காகிதத்தை நிரந்தரமாக விட்டுவைக்கும் மரபும் உண்டு. ஆனால் ஈரத்துணி பட்டால் அது நமுத்துவிடும், விளக்குமாறு பட்டால் வெளியேறிவிடும். பஞ்சதந்திரக் குரங்கு ஆப்பை உருவித் தானே மாட்டிக்கொண்டது. வீட்டில் உருவுகிறவர் ஒருவர், ஆடுகிறவர் வேறொருவர். செருப்புக் கடைக்காரரிடம் கிடைக்கும் ரப்பர்த் துண்டை நான்கு காலிலும் ஒட்டினால் சிறு குறையை அது நசுங்கி வாங்கிக்கொள்ளும்.

அறுத்தே தீருவேன் என்பவர் செய்ய வேண்டியது இது. ஸ்டூலைத் தட்டையான பலகையில் நிறுத்தி, கால்களுக்கு அடியில் அட்டைகள் செருகி, மேலே ரசமட்டம் வைத்து இரு வாக்கிலும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கால்களின் அடிக்கும் பலகைக்கும் உள்ள மிகப் பெரிய இடைவெளியை விடச் சற்று உயரமான கட்டை ஒன்றை எடுத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, பலகையில் நகர்த்தியபடியே நான்கு காலையும் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோட்டில் அறுத்தால் நான்கு அடியும் ஒரே தளத்துக்கு வரும். கால்களை அகட்டி வைத்த ஸ்டூலுக்கும் இதே முறை பலிக்கும். நீக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டர்தான் என்றால் ரம்பமே வேண்டாம். தட்டையான பலகையில் 60ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டிக் காலைத் தேய்த்தால் போதும். முடிந்ததும் நான்கு காலின் அடி விளிம்பையும் லேசாகச் சரித்துவிடுங்கள். இல்லையேல் இழுக்கும்போது சிம்பு பெயரும்.

அடுத்த ஸ்டூலுக்காவது சட்டத்தைப் பசை போடாமல் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். இரு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று டேப் பிடியுங்கள். ஃபெவிகால் போட்ட பின் கிரானைட் மேடையிலேயே இரவு முழுக்க நிற்க விடுங்கள். இவ்வளவும் செய்து, மேடையில் ஆடாத ஸ்டூல் கூடத்தில் ஆடினால், கால் வட்டம் திருப்பிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் தச்சருக்கு இதில் வேலை இல்லை, கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.