மலையேறும் டயர், செம்பட்டி வரை

பிக்கப் வாங்கிய ஆத்தூர் அண்ணன் ஒருவருக்கு இப்போது ஒரே கவலை: எந்த ஆல்-டெரைன் டயர் போடுவது? வண்டிக்கு வேலை, தோப்புத் தேங்காயை ஏற்றிக்கொண்டு செம்பட்டி போய்த் திரும்புவது. வழியில் உள்ள ஒரே மலைத்தொடர் வேகத்தடைகள்தான். டயர் கடையில் பேச்செல்லாம் பாறை, சேறு, பாலைவனம்.

கடைக்காரர் டயரின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டுகிறார். மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் முத்திரை. "கொட்டுற பனியிலயும் பிடிச்சு நிக்கும்ணே." மார்கழிக்கு மப்ளரே மிச்சமான ஊரில் அண்ணன் பயபக்தியோடு தலையாட்டுகிறார்.

முரட்டுப் பட்டன் டயர் எடை கூடியது. டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், தார் ரோட்டில் உறுமும். உறுமலுக்குத்தானே காசு! சுமை வண்டிக்குப் பார்க்க வேண்டியது, 215/75 ஆர் 15 என்ற அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமைக் குறியீட்டை. அந்தப் பொடி எண்ணை யாரும் தட்டிக் காட்டுவதில்லை.

நிஜமாகவே மலையேறி ஆடலூர், பன்றிமலைக்குக் காபி மூட்டை ஏற்றப் போகும் ஜீப்பில் இருப்பது ரீட்ரேடு டயர். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டராவது வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி. டிரைவர் அதை நகத்தால் அளக்கிறார். எந்த டயர் நல்லது என்றால், "காத்து நிக்கிற டயருங்க" என்கிறார்.

அண்ணன் நான்கும் புதிதாக மாட்டிவிட்டார். டயரின் வெள்ளை எழுத்தில் சேறு பட்டுவிடுமாம். தோப்புக்குள் வண்டி இறங்காது. தேங்காய் தலைச்சுமையாக ரோட்டுக்கு வருகிறது.