வரிசையில் நின்ற டெலிபோன்

கேள்வி: கம்யூனிஸ்ட் நாடுகளில் டெலிபோனுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்களாமே, நம் கண்டியைப் போல?
– வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: கிழக்கு ஜெர்மனியில் விண்ணப்பித்த அன்று பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும், போன் வந்திருக்காது. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபோதும், அங்கே ஏறக்குறைய ஆறு வீட்டுக்கு ஒன்றில்தான் இணைப்பு. கட்சிக்கு வேண்டியவர்கள் வரிசையில் முன்னே நின்றார்கள். கிடைத்த போனிலும் ரகசியப் போலீசான ஸ்டாசியின் காது ஒட்டியிருக்கும் என்ற பயம்.

நம் இலங்கை ஓட்டுப் போட்ட நாடு. ஆனால் இங்கும் போன் தர அரசு ஒன்றுதான் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் இடமில்லை, மலைக்கு இழுக்கக் கம்பியில்லை, எம்.பி.யின் கடிதம் இருந்தால் வழி பிறக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. 1989இல் செல்டெல் கைபேசி, 1996இல் கம்பியில்லா இணைப்போடு சன்டெல்லும் லங்கா பெல்லும் வந்த பிறகே வரிசை கரைந்தது.

எனக்கு மனம் ஆறாதது வேறு. புசல்லாவைப் பக்கத் தோட்டங்களில் போன் துரை பங்களாவிலும் ஆபீசிலும்தான் இருந்தது. லயத்து அம்மா, வெளிநாட்டில் வேலை செய்யும் மகளின் குரலைக் கேட்க டவுனுக்கு இறங்கி, கொமினிகேஷன் கடை வாசலில் காத்திருந்தாள். விண்ணப்ப வரிசையில் அவள் பெயரே இருந்ததில்லை.