கம்பியில்லாக் கவசம்: சென்னிமலை இல்லங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலமென்று பக்தர்கள் போற்றும் சென்னிமலையில், சிரசு முதல் பாதம் வரை அவயவந்தோறும் பெயர் சொல்லிக் காக்குமாறு நித்தியம் பிரார்த்திக்கின்ற ஜனங்கள், கூடத்து மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் வைஃபை பெட்டிக்கு மட்டும் ஏன் ஒரு ரட்சையும் கட்டவில்லை என்னும் சந்தேகமே இவ்வாராய்ச்சிக்கு மூலகாரணம்.

வைஃபைக்கென 1997-ல் தோன்றிய 'வெப்' (WEP) என்னும் ஆதி கவசத்தின் பலவீனத்தைத் தறியோட்டும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் விளக்கப் புகுந்தேன். தரவுப் பொட்டலந்தோறும் மாறவேண்டிய அதன் தொடக்க எண் 24 பிட்டே ஆதலால், 1 கோடியே 67 லட்சம் சொச்சத்தோடு தீர்ந்து, வந்ததே மறுபடி வரும் என்றேன். அவர் தோளிலிருந்த போர்வையை உதறி விரித்தார்.

"ஒரு பூ மறுக்கா வந்துருச்சுன்னா, மிச்சத்தப் பாக்காமயே நெஞ்சு போடுவனுங் தம்பி."

2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர், சில தொடக்க எண்கள் சாவியையே கசியவிடுவதை நிரூபித்தார்கள். அவர்கள் வழி வேறு. ஆயினும் அண்ணனின் வியாக்கியானமே எனக்குச் சுலபமாக விளங்கிற்று.

வெப்புக்குப் பின் வந்த கவசங்களுள், 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 உத்தமம். பழைய கைப்பேசி முரண்டு பிடித்தால் ஏஇஎஸ் மறையாக்கம் கூடிய டபிள்யூபிஏ2 மத்திமம். பொத்தான் அழுத்தினாலோ எட்டிலக்க எண் இட்டாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுவதே விவேகம்: அவ்வெண்ணில் முதல் நான்கு சரியா என்பதைப் பெட்டியே தனியாக ஒப்புக்கொள்வதாலும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பே ஆதலாலும், 11,000 முயற்சிக்குள் குட்டு உடைந்துபோகும் என்பது 2011-லேயே அம்பலமாயிற்று.

எனினும், எட்டு முதல் 63 எழுத்து வரை பாஸ்வேர்டு வைக்கச் சாஸ்திரம் இடங்கொடுத்திருந்தும், அடியேன் முருகன் பெயரோடு மலைப்படிகளின் தொகையான 1320-ஐச் சேர்த்து வைத்தேன். அண்ணன் மகன் முதல் முயற்சியிலேயே உள்ளே புகுந்தான். இரட்டை மாட்டுவண்டி படியேறி மலையுச்சி சேர்ந்த அற்புதத்தை நினைந்து, அவ்வருஷமான 1984 என எண்ணை மாற்றினேன். இவ்வூரில் அதை அறியாத குழந்தையும் உண்டோ? இரண்டாம் முயற்சியில் அதுவும் போயிற்று.

ஆகவே விருந்தினர்க்கென்று தனி வலையொன்றைப் பிரித்து, அதற்குத் 'திண்ணை' என நாமகரணமும் செய்தேன். மறுநாள் காலை அண்ணன் கைப்பேசியைப் பார்த்தபடியே வாசலில் நின்றுவிட்டார்.

"ஏனுங் தம்பி, இனி நாங்கெல்லாம் திண்ணையோட சரிங்களா?"

காப்பி ஆறுவதற்குள் உள்வீட்டுப் பாஸ்வேர்டை நானே எழுதிக் கொடுத்தேன்.