வால்வு மீது வழக்கு

கேள்வி: நான் பொறுப்பேற்ற திட்டம் படுதோல்வி. அலுவலகத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மனதைத் தேற்றுவது எப்படி?

பதில்: முதலில் எது உடைந்தது என்று பாருங்கள், மனம் பிறகு தானாகத் தேறும். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம் மனமுடைந்தார். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானோ பத்திரிகையாளர்கள் முன் தானே போய் நின்று பொறுப்பை ஏற்றார். ஆராய்ந்தபோது, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு பழுதாகி அமிலம் கசிந்தது தெரிந்தது. வால்வை மாற்றலாம், ‘நான் உதவாக்கரை’ என்ற முடிவுக்கு எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்காது! 1980 ஜூலை 18-ல் அதே இயக்குநரின் கீழ் எஸ்.எல்.வி.-3 மீண்டும் கிளம்பி, ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அன்று பத்திரிகையாளர்களிடம் பேசக் கலாமைத்தான் அனுப்பினார் தவான்.

‘எனக்குத் தவான் வாய்க்கவில்லையே’ என்பீர்கள். நியாயம்தான், பலருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அவர் கலாமுக்குத் தந்ததில் பெரியது அவகாசம். அதை உங்களுக்கு நீங்களே தரலாம். ‘தவறு நிஜமாகவே என்னுடையது என்றால்?’ 1979-ல் கணினி ஏவுதலை நிறுத்தச் சொல்லியும், நிபுணர்களின் பேச்சை நம்பி ஏவ முடிவெடுத்தது தானே என்று கலாம் பின்னாளில் மேடைகளில் வெளிப்படையாகச் சொன்னார். ஒப்புக்கொண்டவரை யாரும் ஒதுக்கவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் உங்கள் பங்கை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். மீதி நேரத்தை வால்வுக்குக் கொடுங்கள்.