பாய்க்கும் தொட்டிலுக்கும் ஒரே காற்று

கேள்வி: கோடையில் கிரேக்கத்தின் ஏஜியன் கடலில் பாய்மரப் படகில் செல்லும் பெற்றோர், கைக்குழந்தையை வெப்பத்திலிருந்து எவ்வாறு காக்கலாம்?

பதில்: அக்கடலில் கோடைதோறும் வடக்கிலிருந்து வீசும் 'மெல்டெமி' என்னும் வறண்ட காற்று, படகை ஓட்டுவதோடு குழந்தைக்கு விசிறவும் வல்லது. நங்கூரமிட்ட படகின் முகப்பு பெரும்பாலும் காற்றை நோக்கியே திரும்பி நிற்பதால், முன்தளத் திறப்பின்மேல் கட்டப்பட்டு, காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் துணிக்குழாய் மின்சாரமின்றியே தொட்டிலைக் குளிர்விக்கிறது. தளத்தில் நிழற்கூரை விரித்தாலும், நீர்ப்பரப்பு எதிரொளிக்கும் புற ஊதாக் கதிர் பக்கவாட்டில் புகுவதால் தொப்பியும் தளர்ந்த பருத்தியாடையும் வேண்டும். எடையை நோக்க உடற்பரப்பு மிகுந்தும் வியர்க்கும் திறன் குறைந்தும் உள்ள சிசு விரைவில் சூடேறுமாதலால், ஈரத்துணியால் துடைத்து, 6 மாதத்திற்குட்பட்டதாயின் தண்ணீருக்குப் பதில் பாலையே அடிக்கடி ஊட்டுவது நலம். தொட்டிலைத் துணியால் போர்த்துவது மட்டும் கூடவே கூடாது. அத்துணி காற்றை வெளியே நிறுத்தி வெப்பத்தை உள்ளே சிறைப்பிடிக்கும்.