எலும்பின் சாரம்

கொரியாவோடு 2004-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பின் இலங்கை இளைஞர்கள் பரீட்சை எழுதி அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஏகத் தொடங்கியதன் பலனாக, ‘சொல்லொங்தாங்’ என்னும் மாட்டெலும்புச் சூப்பின் கீர்த்தி ஊவாவின் பசறைப் பக்கத்துத் தோட்ட லயங்களையும் எட்டியிருக்கிறது. எலும்பைப் பல மணி நேரம் பால்போல் வெளுக்கும்வரை காய்ச்சி, சோற்றோடும், சதுரமாக நறுக்கிப் புளிக்கவைத்த முள்ளங்கியோடும் படைப்பார்கள். உப்பை மாத்திரம் சமையற்காரர் இடாமல், வெங்காயத்தாளோடு மேசையில் வைத்து, உண்பவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுவது அங்குள்ள சம்பிரதாயம்.

எலும்பின் சாரத்தைக் கடைசிச் சொட்டுவரை இறக்கும் வித்தை, கோப்பிக் காலந்தொட்டே ஊவாத் துரைமார்க்குக் கைவந்ததுதான். ஆனால் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயென 2021-இல் வர்த்தமானியில் ஏறுவதற்கு வருஷக்கணக்கில் போராட நேர்ந்ததை நோக்கின், இங்கே உப்புக் கிண்ணம் எவர் பக்கத்தில் இருக்கிறதென்பது விளங்கும்.

நிற்க. கோமாதா விஷயத்தில் கண்டிப்பான தாய்மாரிடம், விடுமுறையில் வந்த புத்திரர்கள் அந்தச் சூப்பை ஆட்டெலும்பென்றே வர்ணிக்கிறார்கள். தீபாவளிக்கு லயத்தில் பங்குபோடும் ஆட்டின் கால் ஒருநாளும் அவ்வளவு வெளுத்ததில்லையே என்ற சந்தேகத்தை, மாதாமாதம் வரும் பணத்தை உத்தேசித்து, அத்தாய்மாரும் மரியாதையாக விழுங்கிவிடுகிறார்கள்.